ஜெபக் குறிப்பில் என் மகள்

எனக்கு வாய் நீளம். அதை நானே சொல்லிவிடுகிறேன், மற்றவர்கள் சொல்ல வேண்டாம். ஆனால் அந்தச் சனிக்கிழமை ஷேர் ஆட்டோவில் எனக்குப் பேச்சே வரவில்லை.

திருவேற்காட்டில் நானும் என் மகள் சுவேதாவும் ஏறினோம். எதிரே உட்கார்ந்திருந்த பின்தெருக்காரி சுவேதாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். "கவலப்படாத கண்ணு. நேத்து உபவாச ஜெபத்துல உனுக்காக எல்லாரும் முழங்கால் போட்டோம். இனிமே கைய அறுத்துக்காத, இன்னா?" ஆட்டோவில் எட்டுப் பேர். சுவேதா சட்டைக் கையை விரல்வரை இழுத்துவிட்டுக்கொண்டாள். வீடு வந்ததும், "இனிமே எழில் அக்காகிட்ட போவ மாட்டேன். யார்கிட்டயும் பேச மாட்டேன்" என்றாள்.

அவளுக்குப் பதினேழு வயது. ஒன்பது வயதிலிருந்து சர்க்கரை நோய், தினமும் நாலு ஊசி. போன ஆடியில்தான் அவள் கையில் கோடு கோடாகத் தழும்புகளைப் பார்த்தேன். ஏன் என்று கேட்டால் எழுந்து போய்விடுவாள். நாங்கள் கருமாரியைக் கும்பிடுகிறவர்கள். ஆனாலும் கம்பெனியில் என்னோடு பேக்கிங் செய்யும் ராதிகா சொன்னாளென்று மேனாம்பேட்டில் ஒரு சர்ச்சுக்குக் கூட்டிப்போனேன். கவுன்சலிங் படித்த எழில் சனிக்கிழமைதோறும் அங்கே உட்கார்ந்து பேசுவாள். நாலு மாதமாகப் புதுத் தழும்பு இல்லை. என் பிள்ளை உலகத்தில் ஒரே ஒரு ஆளிடம் மனசைத் திறந்தாள். அந்த ஆள் அதைக் கொண்டுபோய்க் கூட்டத்தில் கொட்டியிருக்கிறாள்.

வந்த காலோடு சர்ச்சுக்குப் போனேன். எழில் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"இன்னாம்மா பண்ணி வெச்சிக்கீற? எம் பொண்ணு மானத்த ஏலம் போட்டுக்கீற" என்றேன்.

அவள் முகம் வெளுத்துவிட்டது. "பேரு போடலக்கா. ஜெபக் குறிப்புல நாங்க பேரே எழுத மாட்டோம்."

"பேரு எதுக்கு? நாலு ஊசி போட்டுகினு, சனிக்கெழமையானா ஒன் ரூமுக்கு வர்ற பொண்ணு இங்க எத்தினி பேரு?"

"எங்க பழக்கம்க்கா அது. தூக்க முடியாத பாரத்த எழுதிக் குடுத்தா, சபையா சேந்து ஜெபிப்போம். என்னால தனியா தாங்க முடியல."

"முடியலன்னா எங்கிட்ட சொல்லு. பெத்தவ நான் குத்துக்கல்லாட்டம் கீறேன்ல?"

அவள் ஏதோ சொல்ல வந்து நிறுத்தினாள். அப்புறம், "நாளைக்கி ஆராதனையில மைக்ல மன்னிப்பு கேட்டுர்றேங்க்கா" என்றாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தெரியாதவர்களுக்கும் தெரிந்துபோகும் என்பதுகூட இந்தப் படித்த முண்டத்துக்குப் புரியவில்லை.

"அந்தச் சீட்ட எடு. இன்னா எழுதினன்னு நான் பாக்கணும்."

"வேணாங்க்கா."

ஜெபக் குறிப்புப் பெட்டியிலிருந்து நானே எடுத்துக்கொண்டேன். நாலைந்து வரிதான். 'ஊசியோடு வாழும் ஒரு மகள் தன் கையைக் காயப்படுத்திக்கொள்ளும் பழக்கத்தோடு போராடுகிறாள். சர்க்கரை கூடினால் அம்மா கத்துகிறார்கள். கத்துகிற நாட்களில்தான் அவளுக்கு இப்படிச் செய்யத் தோன்றுகிறது. அந்தத் தாயின் கோபம் தணிய ஜெபிப்போம்.'

இரண்டு தரம் படித்தேன். அத்தனை பேரும் முழங்கால் போட்டது எனக்கும் சேர்த்துத்தான். கோபம் போய்விட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். அது யார்மேல் என்றுதான் தெரியாமல் போனது.

"அவளக் கேக்காம எழுதினது தப்பு எழில்" என்றேன். "மைக்ல ஒண்ணும் பேசாத. ஊட்டுக்கு வந்து அவகிட்ட மட்டும் மன்னிப்பு கேளு." அவள் அழுதுகொண்டே தலையாட்டினாள்.

வீட்டில் சுவேதா எனக்காகக் காத்துக்கொண்டிருந்தாள்.

"சண்ட போட்டியாம்மா?"

"போட்டேன்."

"ரொம்ப கத்துனியா?"

"ம்."

அவள் மூச்சை விட்டாள். "அப்ப சொல்லிர்றேன். இன்னிக்கி சுகர் முந்நூத்திப் பத்து கீது. அங்கியே கத்தி முட்ச்சிட்டல்ல?" என்றாள்.