எட்டு வரிசை ஓடு

சுசித்ரா அப்பாவின் கால் கட்டைவிரல்கள் இரண்டையும் சேர்த்துக் கட்டிவிட்டு நிமிர்ந்தபோது, கொல்லைக் கதவு காற்றில் படாரென்று அடித்துக்கொண்டது. சாத்தப் போனவள் அங்கேயே நின்றுவிட்டாள். வடக்கே மாலூர்ப் பக்கம் வானம் கறுத்துக்கொண்டு வந்தது. பின்னறைக்குப் பாதிக் கூரை இல்லை.

அப்பா கரியப்பன் அன்று காலை ஆறு மணிக்குக் காபித் தம்ளரைக் கீழே வைத்தவர், அப்படியே சரிந்துவிட்டார். ஓசூர் வார்ப்படத் தொழிற்சாலையில் முப்பத்தோரு வருடம் இரும்போடு வெந்த உடம்பு. ஏற்கெனவே ஒரு முறை நெஞ்சுவலி வந்து, பாரம் தூக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஓய்வு பெற்றதும், பாகலூரில் வெகுநாளாகப் பூட்டிக் கிடந்த தன் அப்பா காலத்து மண்சுவர் வீட்டுக்குக் குடிவந்து, அதைச் சரிசெய்ய ஆரம்பித்தார். மகன் ஜெகதீஷுக்கு அதில் இஷ்டமில்லை. இடித்துவிட்டு லைன் வீடு கட்டினால் கம்பெனி ஆட்கள் வாடகைக்கு வருவார்கள் என்று போனில் சொல்லிக்கொண்டே இருந்தான்.

"நான் என்ன கோட்டையாடா கட்றேன்? இன்னிக்கு ஒரு முழம் பூசுனா, நாளைக்கு ஒரு முழம்" என்பார்.

அப்படித்தான் நான்கு வருடம் போனது. ஒரு வருடம் தரை, ஒரு வருடம் முன்கூடம், அப்புறம் சமையலறை. கடைசியாகப் பின்னறை. மூன்று மாதமாக மண்ணும் சுண்ணாம்பும் குழைத்துச் சுவரைப் பூசி, நேற்றுத்தான் கடைசி மூலையை முடித்தார். உளுத்த சட்டங்களை ஆள் வைத்து மாற்றியாயிற்று. ஓடுகளை மட்டும் யாரையும் தொடவிடவில்லை. வெயிலுக்கு முன்னால் தினம் ஒரு வரிசை. ஆறு வரிசை முடிந்திருந்தது. இன்னும் எட்டு.

மண்சுவரின் தலையில் ஒரு மணி நேரம் மழை இறங்கினால் போதும், கரைந்துவிடும்.

சுசித்ரா தாய்மாமன் ஆஞ்சப்பனிடம் போய் மெதுவாகச் சொன்னாள். அவர் முகம் சுருங்கியது.

"பொணத்த வீட்ல வெச்சிகினு கூரை மேல ஏறுவியா? பாக்கறவங்க என்ன பேசுவாங்க?"

தார்ப்பாய் போடலாம் என்றார். முந்தாநாள் காற்றில் அது கிழிந்துபோனதைச் சொன்னாள். ஆள் கூப்பிடலாம் என்றார். சாவு வீட்டுக் கூரையில் ஏற எவனும் வரமாட்டான் என்பது அவருக்கே தெரியும். சென்னையிலிருந்து ஜெகதீஷ் வந்து சேர மூன்று மணியாகும். அதற்கப்புறம்தான் எடுக்க முடியும்.

அம்மா ரத்னம்மா தலைமாட்டில் உட்கார்ந்து ஈ ஓட்டிக்கொண்டிருந்தாள். இப்போது திரும்பிப் பார்க்காமலே சொன்னாள்.

"ஏறட்டும் விடுண்ணா. அவரு இருந்தா இந்நேரம் ஏறியிருப்பாரு."

சுசித்ரா துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிக்கொண்டு ஏணியை எடுத்தாள். அவளோடு ஒரே கம்பெனியில் வேலை பார்க்கும் வினோதா, ஷிப்ட் முடிந்து யூனிபாரத்தோடு துக்கம் கேட்க வந்திருந்தாள். எதுவும் கேட்காமல் பின்னாலேயே வந்து, அடுக்கியிருந்த ஓடுகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தாள்.

முதலில் சுசித்ரா அவசரப்பட்டாள். இரண்டு ஓடுகள் கை நழுவி விழுந்து உடைந்தன. மூன்றாவது சரியாகப் பொருந்தாமல் இடைவெளி விட்டது. அவள் கையை எடுத்து, சட்டத்தைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினாள். மிச்சமிருக்கும் இடத்தைப் பார்க்கவே கூடாது என்று நினைத்துக்கொண்டாள். இந்த வரிசை மட்டும். ஓட்டின் பள்ளத்தில் அடுத்த ஓட்டின் விளிம்பை உட்காரவைத்து, தட்டி, அது அசையவில்லை என்று தெரிந்த பிறகே அடுத்ததற்குக் கை நீட்டினாள்.

முன்பக்கம் மேளம் ஆரம்பித்தது. மாலையோடு வந்தவர்கள் அண்ணாந்து பார்த்தார்கள். யார் அது என்று ஒருவர் தெலுங்கில் கேட்பதும், கரியப்பன் மகள் என்று யாரோ பதில் சொல்வதும் மேலே கேட்டது. அவள் குனிந்த தலை நிமிரவில்லை. நான்காவது வரிசையில் ஏணி ஆடுவது நின்றது. கீழே ஆஞ்சப்பன் மாமா அதைப் பிடித்துக்கொண்டு, வேறெங்கோ பார்த்தபடி நின்றிருந்தார்.

ஏழாவது வரிசையில் முதல் தூறல் விழுந்தது. எட்டாவது முடிந்தபோது கண்ணைத் திறக்க முடியாத மழை. முகட்டு ஓடு வைக்க நேரமில்லை. உரச் சாக்கைப் போட்டுக் கல் வைத்துவிட்டு இறங்கினாள்.

வாசல் பந்தல் மழையில் தொய்ந்தது. முன்கூடத்தில் இடமில்லாமல் ஜனங்கள் ஒவ்வொருவராகப் பின்னறைக்குள் வந்தார்கள். இதுவரை யாரும் உட்காராத அறை. யாரோ பாய் விரித்தார்கள். நாற்பது பேருக்கு மேல் நெருக்கி உட்கார்ந்தார்கள். முகட்டோரம் ஓரிடத்தில் மட்டும் சொட்டியது. அங்கே ஒரு குண்டானை வைத்தார்கள்.

ஜெகதீஷ் நனைந்துகொண்டே வந்தான். அப்பாவின் காலடியில் வெகுநேரம் கிடந்தான். பிறகு எழுந்து பின்னறை வாசலுக்கு வந்து, மேலே பார்த்தான்.

"யாரும்மா போட்டது?"

"ஆறு வரிசை அப்பா. மீதி அவ" என்றாள் ரத்னம்மா, தலைமாட்டில் இருந்தபடியே.

அவன் ஈரச் சட்டையைப் பிழிந்துகொண்டு, கூரையையே பார்த்துக்கொண்டு நின்றான்.

வினோதா டீ கொண்டுவந்து கொடுத்தாள். இரண்டு கையாலும் தம்ளரை வாங்கிக்கொண்டு, ஓரத்தில் உட்கார்ந்த சுசித்ரா, அசதியில் சுவரில் சாயப் போனாள். அப்பா நேற்றுப் பூசிய மூலை அது; பூச்சு இன்னும் காயவில்லை. முதுகை நிமிர்த்தி, சற்றுத் தள்ளி உட்கார்ந்து, டீயைக் குடிக்க ஆரம்பித்தாள்.