பச்சைக் கட்டங்கள்

கயிற்றின் மறுமுனையைப் பிடிக்க லெட்சுமி வரவில்லை. லீக்ஸ் பாத்திக்கு நடுவில் குந்தியிருந்து களை பிடுங்கிக்கொண்டிருந்தாள். கோசலா கயிற்றின் நுனியைக் கல்லால் அழுத்தி வைத்துவிட்டுச் சரிவில் இறங்கினாள். பாதித் தூரம் போவதற்குள் கல் உருண்டது.

"அத்தை, ஒரு நிமிசம் புடிங்களேன்."

"எதுக்கு புள்ள அளக்குற? நான் என்ன இத விக்கவா போறேன்?"

"எவ்வளவு லீக்ஸ் வரும்னு தெரிஞ்சாத்தான் புதுக் கம்பியூட்டர் சென்டர்க்காரங்க லொறி அனுப்புவாங்க. கண்டி வெல காலையிலயே கம்பியூட்டர்ல வந்துரும். டவுன் மொதலாளி சொல்ற வெலைக்குக் குடுக்கத் தேவையில்ல."

"அந்தப் பொட்டி வந்து மூட்டையும் தூக்குமா?"

பக்கத்துப் பாத்திகளில் இருந்த பெண்கள் சிரித்தார்கள். கோசலா சிரிப்பு அடங்கும் வரை நின்றாள். கடைசியில் லெட்சுமி எழுந்து, மடங்காத வலது மணிக்கட்டை இடுப்பில் வைத்துக்கொண்டு, இடது கையால் கயிற்றைப் பிடித்தாள்.

"பத்துப் பேர்ச்சுனு போட்டுக்க."

"பதினாலு வருது அத்தை."

"எனக்குத் தெரியும். நீ பத்துனு போடு."

ஏக்கரில் நூற்றறுபதில் ஒரு பங்கு ஒரு பேர்ச். கோசலா பதினான்கு என்றே எழுதினாள். உயர்தரத்தில் கணிதப் பிரிவில் படித்து, பல்கலைக்கழகத்துக்குச் சில புள்ளிகள் போதாமல் தோட்டத்து லய வீட்டுக்குத் திரும்பியவள். தெரிந்துகொண்டே ஒரு எண்ணைக் குறைத்து எழுதுவது அழுக்குக் கையால் சோறு பிசைவது போல இருந்தது அவளுக்கு.

லயங்களுக்குப் பின்னால், ஓடைக்கரையில், பழைய தேயிலை பட்டுப்போன சரிவுகளில் அந்தத் துண்டு நிலங்கள் கிடந்தன. காகிதத்தில் எல்லாம் தோட்டத்து நிலம். பென்சன் போன பெண்களும், கொழுந்து எடுக்கப் போகும் சில பெண்களும், தோட்டத்துச் சம்பளப் பதிவான செக்ரோலில் பெயர் இல்லாத இளைஞர்களும் இருபது வருடமாக அங்கே கரட், லீக்ஸ், போஞ்சி போட்டு வந்தார்கள். வீரய்யா கங்காணி அந்தப் பக்கம் போகும்போது வானத்தைப் பார்த்துக்கொண்டு போவார். தீபாவளிக்கு, அவருக்கு மேலே இருக்கும் கண்டாக்கு ஐயா வீட்டுக்கு ஒரு கட்டு கரட் போகும். எல்லாருக்கும் தெரியும். யாரும் எழுதி வைத்ததில்லை. எழுதத் தெரிந்த யாரும் இதுவரை அக்கறைப்படவில்லை, அதனால்தான் எழுதவில்லை என்று கோசலா நினைத்தாள்.

லெட்சுமி முப்பது வருடம் கொழுந்து எடுத்தவள். தேயிலைக்கு நடுவே வெட்டிய தண்ணீர்க் கானில் விழுந்து கை ஒடிந்தபின் அவளுக்கு மிச்சம் இருந்தது அந்தத் துண்டுதான். மகன் வீட்டில் தனக்குச் சோறு விழுவது அதனால்தான் என்பதை அவள் மறைக்காமல் சொல்வாள். "லீக்ஸ் இருக்கிற வரைக்கும் நான் மாமியாரு," என்பாள்.

கைக்குழந்தைகளை விட்டுப் போகும் பழைய பிள்ளைக் காம்பராவுக்கு வெள்ளையடித்து இரண்டு கம்பியூட்டர்களும் ஒரு பிரிண்டரும் வைத்து சென்டராக்கிய தொண்டு நிறுவனத்தின் அதிகாரி ஜெயதீபன், யாழ்ப்பாணத்துக்காரர், கோசலாவின் பட்டியலை இரண்டு தரம் மேலிருந்து கீழே படித்தார். பெயர், இடம், பரப்பளவு, பயிர், அறுவடைத் திகதி. அறுபத்து மூன்று பேர். ஒரு கட்டம் ஒரு பேர்ச் என்று வைத்து, சரிவின் வடிவத்துக்கே கட்டங்களைப் பச்சையாக்கி ஒரு வரைபடமும் செய்திருந்தாள்.

"கொழும்பிலையும் இப்பிடிச் செய்யேல்லைத் தங்கச்சி. திறப்பு விழாவிலை இதைத்தான் நாங்கள் காட்டவேணும்."

அன்றிரவு அம்மா இராசமணியிடம் அவள் அதைச் சொன்னாள். இராசமணியின் துண்டு பதினொன்றேகால் பேர்ச். "நம்ம பேரும் இருக்கா?" என்று கேட்டாள் அம்மா. இருக்கிறது என்றதும் வெட்கப்பட்டாள்.

திறப்பு விழாவுக்குத் தோட்டத்தை நடத்தும் பெரிய துரைதான் தலைமை. கட்டடம் தோட்டத்துடையது, தோட்டத்தில் துரைக்கு மாலை போடாமல் எதுவும் தொடங்குவதில்லை. அவர் ரிப்பனை வெட்டினார், குத்துவிளக்கு ஏற்றினார், சப்பாத்தைக் கழற்றாமல் உள்ளே வந்தார். பெண்கள் சேலை கட்டிப் பூ வைத்துச் சுவரோரம் நின்றார்கள். வீரய்யா கங்காணி வாசலில் நின்றார்.

கோசலா வரைபடத்தைத் திரையில் திறந்தாள். துரை குனிந்து திரையைப் பார்த்தார்.

"இது பத்தாம் நம்பர் மலை தானே?"

"ஆமாங்க சேர்."

"இந்தப் பச்ச எல்லாம் மரக்கறி?"

"ஆமாங்க."

"நல்லா செஞ்சிருக்கு. ஆக கூட யாருக்கு இருக்கு?"

ஒருவர் கேட்ட கேள்விக்கு அவளிடம் சரியான பதில் இருந்தது. கடைசியாக அப்படி நடந்தது பள்ளிக்கூடத்தில். அவள் ஒரு பொத்தானை அழுத்தினாள். அறுபத்து மூன்று பெயர்களும் ஒரு நொடி அசைந்து, பெரியதிலிருந்து சிறியதாக வரிசையில் நின்றன. பெண்கள் கை தட்டினார்கள். லெட்சுமியும் ஒரு கையால் தொடையில் தட்டினாள்.

"மொத்தம்?"

"ரெண்டேகால் ஏக்கர், சேர்."

துரை நிமிர்ந்தார். முகத்தில் கோபம் எதுவும் இல்லை. "ஒரு பிரிண்ட் குடுங்க பாப்பம்," என்றார். பிரிண்டரில் தாளை எடுத்து வைத்தது ஜெயதீபன். இரண்டு பக்கங்கள் சூடாக வெளியே வந்தன. துரை அவற்றை மடிக்காமல் கையில் பிடித்தபடி பற்றிஸ் சாப்பிட்டார், தேத்தண்ணீர் குடித்தார், போனார். வாசலில் வீரய்யா கங்காணி தலைப்பாகையை அவிழ்த்து மறுபடியும் கட்டிக்கொண்டிருந்தார்.

"ஏன் மாமா ஒரு மாதிரி இருக்கீங்க?" என்று கோசலா கேட்டாள்.

"இருவது வருசமா கண்ணத் தொறந்துக்கிட்டே குருடனா இருந்தேன் புள்ள. இனி எப்பிடி இருக்கிறது?"

அப்போதும் அவளுக்கு முழுதாக விளங்கவில்லை.

புதன்கிழமை காலை, வேலைக்கு எல்லாரும் கூடும் பெரட்டுக் களத்தில் கண்டாக்கு அந்தத் தாளைப் படித்தார். பெரியதிலிருந்து சிறியது வரை, அவள் அடுக்கிய அதே வரிசையில். தேயிலை நிலம், கம்பனி கேட்கிறது, நாற்றுத் தவறணையில் கன்று தயாராக இருக்கிறது என்றார். பிறகு அன்றைய வேலையைப் பிரித்தார். இருபது பெண்களுக்குக் கொழுந்து இல்லை, மண்வெட்டி. மரக்கறியைப் பிடுங்கி நிலத்தைத் துப்பரவாக்கினால் அன்றைக்கு ஒரு பேர், ஒரு நாள் சம்பளம். வராதவளுக்குப் பேர் இல்லை. அந்த இருபது பேரில் இராசமணியும் இருந்தாள்.

இராசமணி முதலில் லெட்சுமியின் லீக்ஸைப் பிடுங்கினாள். அறுவடைக்கு இன்னும் பதினாறு நாள். விரல் தடிமன்கூட வராத தண்டுகள். பிறகு தன் கரட்டைப் பிடுங்கினாள். யாரும் கத்தவில்லை. லெட்சுமி மேட்டில் நின்று, "வேரோட இழு இராசமணி, அரைகொறையா விடாத," என்று ஒரு தரம் சொன்னாள். மத்தியானத்துக்குள் சரிவு சிவந்து கிடந்தது. மாலையில் இராசமணி வீட்டுக்கு வந்து, கை கழுவி, மகளுக்குச் சோறு போட்டாள். அன்றும் அடுத்த நாளும் அவளோடு பேசவில்லை.

சனிக்கிழமை ஜெயதீபன் ஒரு கடிதத்தோடு வந்தார். தோட்டத்து ஒபிசில் கம்பியூட்டர் கிளார்க் வேலை, முதலாம் திகதியிலிருந்து. துரை தானாகக் கேட்டு எழுதியது.

"நடந்தது எனக்கும் கவலைதான். ஆனா உம்மட வேலையிலை பிழையில்லை. அதைப் பாத்துத்தானே கேட்டிருக்கினம்." கொஞ்சம் பொறுத்துச் சொன்னார்: "அந்த பைலின்ரை கொப்பி ஒண்டு தாரும். கொத்மலைப் பக்கம் அடுத்த சென்டர் திறக்கிறம். அங்கத்தைப் பொம்பிளையளுக்கும் இதே மாதிரித்தான்."

கோசலா கடிதத்தை மடித்து மேசையில் வைத்தாள். "சரி சேர்," என்றாள். கொப்பி எடுத்துக் கொடுத்தாள்.

அவர் போனபிறகும் அவள் திரையை மூடவில்லை. லெட்சுமி உள்ளே வந்தது அப்போதுதான். ஒரு நாற்காலியைச் சுவரோரம் இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். கையில் துணி மூட்டை ஒன்று இருந்தது.

"எங்க அத்தை போறீங்க?"

"தெரியல. நேத்து சோறு போடாம என் தட்டக் கழுவிக் கவுத்து வச்சிட்டா மருமக." மூட்டையை மடியில் வைத்துக்கொண்டாள். "மகன் பாத்துக்கிட்டுத்தான் இருந்தான்."

கோசலா எழுந்தாள். எதற்கு எழுந்தோம் என்று தெரியாமல் மறுபடியும் உட்கார்ந்தாள்.

"இதுல எம்பேரு எங்க இருக்கு?"

கோசலா முதல் வரியைத் தொட்டுக் காட்டினாள்.

"எதுக்கு மொதல்ல வச்சிருக்க?"

"ஒங்களுதுதான் பெரிசு."

லெட்சுமி அந்த வரியைப் பார்த்தாள். எழுத்துத் தெரியாது; ஒரு முகத்தைப் பார்ப்பது போலப் பார்த்தாள்.

"அழி."

"அத்தை, அழிச்சா இப்ப ஒண்ணும்…"

"அழி புள்ள."

கோசலா அழுத்தினாள். வரி போனது. கீழே இருந்த வரி மேலேறி வந்து அதே இடத்தில் நின்றது.

"போகலையே?"

"போயிருச்சு அத்தை. இது வேற பேரு."

"யாரு?"

"எங்கம்மா."

வெளியே பிள்ளைகள் யாரோ டயர் உருட்டிக்கொண்டு ஓடினார்கள். லெட்சுமி மூட்டையைத் தரையில் இறக்கி வைத்தாள். நாற்காலியைத் திரைக்கு இன்னும் கிட்டே இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"ம்," என்றாள். "அதையும்."