செல்வி நின்ற லாயம்

ஸ்ரௌவ்வில் என்ற ஊருக்கு வடக்கே இருந்த அந்த விக்டோரியா காலத்துச் செங்கல் வீட்டை வாங்கியது திலக்சனின் விருப்பம். அவன் மனைவி மயூரி வேண்டாமென்று சொல்லவில்லை. வீட்டுக்குப் பின்னால் குதிரை லாயமும், சவாரி பழகும் கொட்டகையும், வேலி போட்ட புல்வெளியும் இருந்தன. லாயத்தை இடித்துத் திருத்தித் தன் பழைய கார்களை விடலாம் என்பது திலக்சனின் எண்ணம்.

நவம்பரில் வீட்டுத் திறப்புக் கோர்வை கைக்கு வந்தது. பால் காய்ச்சப் போன அன்று லாயக் கதவைத் திறந்தால், உள்ளே ஒரு கபிலநிறக் குதிரை நின்றது.

திலக்சன் உடனே லோயருக்கு போன் எடுத்தான். "வெறுமையாத் தாறதெண்டுதானே எழுதினது?"

மயூரி வாளியைப் பார்த்தாள். தண்ணீர் மேலே உறைந்திருந்தது. சமையலறையிலிருந்து புதுத் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். குதிரை குடித்து முடிக்கும்வரை நகராமல் நின்றாள்.

பின்னேரம் குதிரையின் சொந்தக்காரர் வந்தார். பஸ் ஓட்டுநரின் சீருடையில் வந்தவர் ஒரு தமிழர். பெயர் இக்னேசியஸ். அகதியாக வந்து பார்க்டேலில் இருந்த காலத்தில் குதிரைப் பந்தயத் திடலில் லாயம் கூட்டியவர். ஓடி முடிந்து கழித்துவிட்ட குதிரையொன்றைப் பிறகு தானே வாங்கிச் செல்வி என்று கூப்பிட்டார். பழைய வீட்டுக்காரியிடம் மாத வாடகைக்குக் கட்டியிருந்தார்.

"ஒரு இடம் சொல்லி வச்சனான் தம்பி. கடைசி நேரத்தில அவங்கள் ஏலாதெண்டிட்டாங்கள். கொஞ்ச நாள் தாங்கோ."

"ஞாயிற்றுக்கிழமைக்கிடையில எடுத்திடுங்கோ அண்ணை," என்றான் திலக்சன்.

"இடம் கிடைக்குமட்டும் நிக்கட்டும்," என்றாள் மயூரி. வீட்டுப் பத்திரத்தில் அவள் பெயரும் இருந்தது. திலக்சன் உள்ளே போய்விட்டான்.

இக்னேசியஸ் காலையிலும் மாலையிலும் வருவார். மத்தியானத் தீனி மயூரியின் பொறுப்பாயிற்று. வீட்டிலிருந்தே வேலை செய்பவள் அவள். வைக்கோல் உதறவும், கழுத்திலிருந்து கீழ்நோக்கித் தூரிகை போடவும், குளம்பு தூக்கிப் பார்க்கவும் பழகினாள். வீட்டின் மேல்மாடி அறைகளில் இரண்டை அவள் இன்னும் திறந்தே பார்க்கவில்லை.

திலக்சன் லாயப்பக்கம் வருவதில்லை. சாப்பாட்டு நேரத்தில் மட்டும், "உது இன்னும் நிக்குதோ?" என்று கேட்பான்.

தை பிறந்தபின் இக்னேசியஸ் அக்ஸ்பிரிட்ஜில் ஒரு இடம் பிடித்துவிட்டார்.

"அவசரப்படாதேங்கோ அண்ணை," என்றாள் மயூரி.

"இல்லைப் பிள்ளை. தம்பிக்கு மனமில்லை. மனமில்லாத இடத்தில நிக்கக் கூடாது."

செல்வியை வண்டியில் ஏற்றுவது பெரும்பாடாயிற்று. கடைசியில் மயூரி கயிற்றைப் பிடித்து முன்னால் நடக்க, அது ஏறியது. அன்று பின்னேரம் அவள் வெறுமையான லாயத்தைக் கூட்டினாள்.

கோடையில் லாயம் கராஜ் ஆனது. பார்க்க வந்த உறவினர்கள் மெச்சினார்கள். மயூரி ஞாயிறுதோறும் காரை எடுத்துக்கொண்டு புறப்பட்டாள்.

"எங்கை போறீர்?" என்று ஒருநாள் கேட்டான் திலக்சன்.

"அக்ஸ்பிரிட்ஜுக்கு. செல்வியைப் பாக்க."

"ஒவ்வொரு கிழமையுமோ? இஞ்சையே வச்சிருந்திருக்கலாமே."

அவன் அதை மனதாரத்தான் சொன்னான்.  மயூரி காரட் பையை முன்சீற்றில் வைத்துவிட்டுக் கதவைச் சாத்தினாள்.