பதுர்தீன் வீட்டு மரக்கறிச் சோறு

கற்பிட்டிப் பக்கம் கலியாணம் என்றால், மண்டபம் பேசுவதற்கு முன்னமே பதுர்தீனுக்குச் சொல்லி அனுப்பிவிடுவார்கள். அறுநூறு பேருக்கு நெய்ச்சோறும் மாட்டிறைச்சிக் கறியும் என்றாலும் மனிதர் அலட்டிக்கொள்ள மாட்டார். பெரிய கிடாரத்துக்குள் ஒரு பார்வை, உள்ளங்கையில் ஒரு பிடி உப்பு, அவ்வளவுதான். தொண்ணூறில் மன்னாரிலிருந்து விரட்டப்பட்டு வந்து முகாமில் கிடந்த நாட்களில், ஒரே அடுப்பில் நூறு குடும்பத்துக்குக் கஞ்சி காய்ச்சிப் பழகிய கை அது. அதற்குப் பிறகு சின்னச் சட்டியை அந்தக் கை தொட்டதே இல்லை. வீட்டு அடுப்பு முழுக்க முழுக்க அவருடைய மனைவி றைஸாவின் ஆட்சி.

அந்த றைஸாவுக்குச் சீனி வருத்தம் என்று கிளினிக்கில் சொன்னார்கள். இரத்தத்தில் இருநூற்றுப் பன்னிரண்டு. பிரஷரும் கூட. மருந்து கொடுத்த தாதி றோசமேரி, மத்தியானச் சாப்பாட்டையாவது முழு மரக்கறியாக மாற்றிப் பாருங்கள், சிவப்பரிசிச் சோறு கொஞ்சம், பருப்பும் கீரையும் காயும் நிறைய என்று பொறுமையாக விளக்கி அனுப்பினாள்.

மறுநாள் மத்தியானம் பதுர்தீன் வீட்டுக்கு வந்தபோது, அவருக்கு வழக்கம்போல மீன் ஆணமும் பொரியலும் மூடி வைத்திருந்தது. றைஸா மட்டும் குசினிக் கதிரையில் தனியே இருந்து, அவித்த போஞ்சிக்காயையும் கோவா இலையையும் பிசைந்துகொண்டிருந்தாள். தண்டனை கிடைத்த பள்ளிக்கூடப் பிள்ளையின் முகம். அவர் தன் மீன் கோப்பையைத் தள்ளி வைத்தார். ஊரையெல்லாம் விரல் சூப்ப வைக்கிறவனின் வீட்டில், தன் பெண்சாதி இப்படி ஒரு சாப்பாடு சாப்பிடுவதா என்று ஆகிவிட்டது.

நாளையிலிருந்து பகல் சமையல் என்னுடையது, இரண்டு பேருக்கும் ஒரே சாப்பாடுதான் என்று அறிவித்தார். றைஸா நம்பவில்லை. முப்பத்து மூன்று வருடமாக இந்த அடுப்பைப் பற்றவைக்காத மனிதர் என்று சிரித்துவிட்டுப் போய்விட்டாள்.

விடியச் சுபஹு தொழுத கையோடு பதுர்தீன் மோட்டார் சைக்கிளில் குறிஞ்சிப்பிட்டிக்குப் பறந்தார். முதல் கலியாண ஓடர் கிடைத்த நாளில்கூட அவருக்கு இத்தனை பரபரப்பு இருந்ததில்லை. வழக்கமாக மரக்கறி வாங்கும் நூஹுவின் தோட்டத்தில் பனி உலரவில்லை. இரண்டு பெரிய பூசணி, ஒரு கட்டுப் பயிற்றங்காய், பீட்ரூட், முருங்கையிலை என்று சாக்கில் அள்ளிப் போட்டார்.

"எந்த ஊர்ல நானா கலியாணம்?" என்று கேட்டான் நூஹு.

"என்ட வீட்டில. றைஸாவுக்குப் பகல் சாப்பாடு."

நூஹு சாக்கையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தான்.

அன்று சமைத்த கௌபிப் பயறும் பூசணிக் கறியும் தெருவுக்கே போதும். வீட்டுச் சட்டி கொள்ளவில்லை என்று, தொழிலுக்குக் கொண்டுபோகும் தாச்சியை அடுப்பில் ஏற்றியிருந்தார். உப்பும் கலியாணப் பிடிதான் விழுந்திருந்தது. இரண்டு வாய்க்குமேல் இருவராலும் முடியவில்லை. மிச்சத்தை வாளியில் எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போனார். பக்கத்து வீட்டுத் தவமலர், உடப்பிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவள், பாலர் பாடசாலையில் படிப்பிப்பவள், மனதில் ஒன்றை வைத்துக்கொண்டு வேறொன்றைச் சொல்லத் தெரியாதவள். கோப்பையைக் கழுவிக் கொண்டுவந்து கொடுத்தாள். பூசணி நல்ல பதம், ஆனால் உப்புக்குக் கடலே தோற்றுவிடும் என்று சொல்லிவிட்டுப் போனாள்.

இரண்டாம் நாள் பதுர்தீன் பயந்துபோய்ச் சமைத்தார். தேக்கரண்டியால் அளந்தார். உப்பு இல்லை, எண்ணெய் இல்லை, தேங்காய்ப்பால் கண்ணிலும் காட்டவில்லை. மருத்துவமனைக் கட்டிலுக்குப் பக்கத்தில் வைக்கிற சாப்பாடு மாதிரி ஒரு பருப்பும் ஒரு கீரையும் வந்தன. றைஸா சாப்பிட்டு முடித்தாள். கையைக் கழுவிவிட்டு வந்து அவருக்கு முன்னால் நின்று, வழக்கம்போல மகளின் பெயரை வைத்துக் கூப்பிட்டாள்.

"ஸஃப்னாட வாப்பா, நீங்க நோயாளிக்குச் சமைக்கிறீங்க. எனக்குச் சமைக்கல்ல."

அந்தச் சொல் அவரைச் சுட்டது. பின்னேரம் முழுக்கக் கடற்கரைப் பக்கம் நடந்து யோசித்தார். கலியாணத்துக்கு வருகிறவர்களிலும் சீனிக்காரர்கள் இல்லையா, பிரஷர்காரர்கள் இல்லையா? அவர்களை ஒருநாளும் நோயாளி என்று அவர் நினைத்ததில்லை. விருந்தாளி என்று நினைத்துத்தான் சட்டியை இறக்கியிருக்கிறார். றைஸாவுக்கும் விருந்து வைக்க வேண்டும். அதை இலையிலும் காயிலும் வைக்க வேண்டும். யோசனை பிடிபட்டதும் அவருக்கு நடக்கப் பொறுமை இல்லை. பாதி ஓட்டமாகத்தான் வீட்டுக்குத் திரும்பினார்.

மூன்றாம் நாள் புத்தளம் சந்தையில் பிஞ்சுப் பலாக்காய் வந்திருந்தது. பொலஸ் என்று சிங்களத்தில் கூவி விற்றார்கள். அதைக் கண்டதும் அவருக்குள் என்னவோ துள்ளியது. இரண்டு காய் போதும் என்று தன்னையே அதட்டி, இரண்டோடு நிறுத்திக்கொண்டார்.

பெரிய துண்டுகளாக வெட்டினார். இறைச்சிக்குப் போடுகிற வறுத்த தூளையே எடுத்தார். கறுவா, ஏலம், கராம்பு, றம்பை, புளிப்புக்குக் கொறுக்காய். தேங்காயைப் பாலாகப் பிழியாமல், ஒரு பிடியைப் பொன்னிறமாக வறுத்து அம்மியில் அரைத்துச் சேர்த்தார். மண்சட்டியை மூடி, தணலில் வைத்துவிட்டுக் கிளறாமல் காவல் இருந்தார். இரண்டு மணித்தியாலம். மாட்டிறைச்சிக்குக் காட்டுகிற மரியாதையில் ஒரு துளியும் குறைக்கவில்லை. பக்கத்தில் சின்னப் பானையில் சிவப்பரிசிச் சோறு, பயிற்றங்காய்ப் பிரட்டல், வல்லாரைச் சம்பல்.

வாசம் வளவைத் தாண்டிப் போயிருக்க வேண்டும். உடுப்புக் காயப்போட்டுக்கொண்டிருந்த றைஸா விடுவிடென்று குசினிக்குள் வந்தாள். முகம் சிவந்திருந்தது.

"இறச்சி வாங்கினீங்களா? என்னை வச்சுக்கிட்டு நீங்க மட்டும் இறச்சி ஆக்கிறீங்களா?"

பதுர்தீன் சிரிப்பை அடக்கிக்கொண்டு, சட்டியிலிருந்து ஒரு துண்டை எடுத்து ஊதி நீட்டினார். அவள் கோபத்தோடுதான் வாங்கினாள். கடித்தாள். நார் நாராகப் பிரிந்து வந்த துண்டை மென்றபோது அவளுடைய புருவம் இறங்கியது. விதையைக் கண்டதும் நின்றாள்.

"பொலஸா?"

"ஓம்."

இரண்டாவது துண்டை அவளே எடுத்தாள்.

அவர் அலுமாரிக்கு மேலிருந்த சஹனை இறக்கினார். கலியாண வீடுகளில் ஆறு பேர் சுற்றியிருந்து ஒன்றாய்ச் சாப்பிடும் அந்தப் பெரிய தட்டில் நடுவே கொஞ்சம் சோற்றை வைத்து, சுற்றிலும் கறியையும் சம்பலையும் குவித்தார். இருவரும் பாயில் எதிரெதிரே இருந்தார்கள். றைஸா விரலைச் சூப்பிச் சூப்பிச் சாப்பிட்டாள். ஓரத்தில் கிடந்த கடைசித் துண்டுக்கு இரண்டு கையும் ஒன்றாகப் போனபோது, அவர்தான் கையை எடுத்துக்கொண்டார்.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் ஒவ்வொரு மத்தியானமும் பெருநாள் மாதிரி விடிந்தது. வாழைப்பூவைப் பருப்போடு உருட்டிக் கட்லட் செய்து பார்த்தார். முருங்கையிலைச் சுண்டல், பாசிப்பயறு போட்ட சோறு, மிளகில் பிரட்டிய பலாக்கொட்டை. சோயா மீட் வாங்கி ஒருநாள் செருப்பைச் சமைத்தது போல ஆக்கிவிட்டு, பூனையும் முகர்ந்து பார்க்காத அந்தக் கறியை வளவு மூலையில் குழி தோண்டித் தாட்டார். என்ன ஆனாலும் மறுநாள் என்ன செய்வதென்ற கதை சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே தொடங்கிவிடும். றைஸா தானும் ஒன்று சொல்லுவாள், இவர் மறுப்பார், அவள் பிடிவாதம் பிடிப்பாள், கடைசியில் அவள் சொன்னதுதான் அடுப்பில் ஏறும். பன்னிரண்டு மணிக்குத் தவமலர் மதிலுக்கு மேலால் வெறும் கோப்பையை நீட்டி வைத்துவிட்டுப் போகப் பழகிக்கொண்டாள்.

அடுத்த கிளினிக் நாளில் இருநூற்றுப் பன்னிரண்டு நூற்று நாற்பத்தெட்டாக இறங்கியிருந்தது. மருந்துக் குளிசையை விட வேண்டாம், நடப்பதையும் விட வேண்டாம் என்று டொக்டர் எச்சரித்தார். றோசமேரி மட்டும் இரத்தச் சோதனைத் துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, வீட்டில் என்னதான் சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டாள். றைஸா சொல்லத் தொடங்கியதும், வரிசையில் இருந்த பெண்கள் கதிரைகளை இழுத்துக்கொண்டு கிட்ட வந்தார்கள். பொலஸ் கறி வரும்போது ஒருத்தி எச்சில் விழுங்கியது எல்லோருக்கும் கேட்டது.

அந்த இடத்திலேயே றோசமேரி கேட்டாள். அடுத்த மாதக் கிளினிக்குக்கு நூற்றிருபது பேர் வருவார்கள், அவர்களுக்கு ஒரு மத்தியானம் சமைத்துக் காட்ட முடியுமா என்று. வாசலில் காத்திருந்த பதுர்தீனின் காதில் அது விழுந்தது. அவர் உள்ளே எட்டிப் பார்த்தார்.

"நூத்தியிருவதா, மிஸ்? அது எனக்குச் சின்னச் சட்டி."

சொன்னபடி செய்தார். அந்த நாளில் கிளினிக் மாமரத்தடியில் மூன்று கிடாரம் கொதித்தது. வலை இழுக்கிறவர்கள், வெங்காயத் தோட்டத்துப் பெண்கள், கடைக்காரர்கள் எல்லோரும் தட்டோடு வரிசையில் நின்றார்கள். மீன் இல்லாத சோற்றை வாழ்க்கையில் தொட்டதில்லை என்று முணுமுணுத்துக்கொண்டே வந்த, நாலைந்து படகுக்குச் சொந்தக்காரரான ஒரு சம்மாட்டி, இரண்டாம் முறையும் தட்டை நீட்டினார். மூன்றாம் முறை வந்தபோது சோறு குறைவாகத்தான் தருவோம் என்று றோசமேரி தடுத்தாள். கறி மட்டும் போதும் மகள் என்றார்.

ஆனால் கூட்டம் அதிகமாக நின்றது பதுர்தீனின் பக்கத்தில் அல்ல. நாலு பேர் இருக்கிற வீட்டுக்கு எத்தனை கரண்டி, எவ்வளவு நேரம், தேங்காய் எவ்வளவு என்று பெண்கள் றைஸாவைத்தான் சுற்றிக்கொண்டார்கள். அவளும் கதிரையில் நிமிர்ந்து இருந்து, கைவிரலால் அளவு காட்டிக் காட்டிச் சொன்னாள். இரண்டு மாதத்துக்கு முன் அவித்த கோவாவைப் பிசைந்த அதே மனுஷிதானா இவள் என்று, அகப்பையைக் கிடாரத்துக்குள் விட்டபடியே அவர் பார்த்துக்கொண்டு நின்றார்.

பின்னேரம் மோட்டார் சைக்கிளில் திரும்பும்போது றைஸா அவருடைய தோளில் தட்டினாள். நாளைக்கு ஈரப்பலாக்காய் செய்யலாம், எலுவன்குளத்திலிருந்து ஒருவர் கொண்டுவந்து விற்கிறாராம், இப்போதே போனால் பிடிக்கலாம் என்றாள். களப்புத் தண்ணீர் வெயிலில் மின்னியது. அவர் கைபிடியைத் திருகி வேகத்தைக் கூட்டினார்.