இடுப்புக்கடியில் வாக்கிடாக்கி

இதில் ஓர் எழுத்துப் பொய்யென்றாலும் சொல்கிற நாக்கு அழுகிப் போகட்டும். அவ்வளவு நிஜம்.

மலைக்காடு பற்றியெரிந்த நண்பகல். தீயணைப்புக் கட்டுப்பாட்டு அறையில் வயர்லெஸ் அக்கா தனியாக இருந்தாள். காவல் கோபுரத்துக்காரர் தொலைபேசியில் அலறினார்.

"காத்து திரும்பிடுச்சும்மா! தீ ஓடைக்குள்ள இறங்குது. உன் தம்பி ஆளுங்க அங்கதான் இருக்காங்க. மேற்கால ஏறச் சொல்லு!"

அக்கா மைக்கை அழுத்தினாள். பேச்சு போகவில்லை. அலைவரிசை முழுக்க ஒரு குறட்டை.

எவரோ வாக்கிடாக்கியின் பொத்தான் மேலேயே படுத்துத் தூங்குகிறார். பொத்தான் அழுந்தியிருக்கும்வரை மலையில் வேறு யார் பேச்சும் எடுபடாது. அவர் பக்கத்துச் சத்தம்தான் எல்லாக் கருவியிலும் கேட்கும். இழுத்து, நடுவில் விசிலடித்து முடிகிற அந்தக் குறட்டைக்கு ஒரே சொந்தக்காரர்தான்: தண்ணி லாரி அண்ணன். இரண்டு நாளாகக் கண்ணை மூடாத மனிதர். ஜன்னல் வழியே பார்த்தாள். சரிவுக்குக் கீழே லாரி நின்றது, டேங்க் நிரம்பி வழிந்துகொண்டிருந்தது.

ஓடி இறங்கி எழுப்புவதற்குள் தீ தம்பியை எட்டிவிடும்.

"நீ தூங்குண்ணே," என்றாள் பல்லைக் கடித்துக்கொண்டு. "உன் இடுப்பு வழியாவே பேசிக்கிறேன்."

மாடிக்கு ஏறினாள். ஊருக்கு எச்சரிக்கை சொல்கிற ஒலிபெருக்கியின் வாயை லாரிப் பக்கம் திருப்பினாள்.

"டேய் தம்பி! மேற்கால ஏறு! எல்லாரையும் இழுத்துக்கிட்டு ஏறு!"

குரல் லாரி ஜன்னலில் நுழைந்து, அண்ணன் இடுப்புக்கடியில் புகுந்து, மலையெங்கும் எதிரொலித்தது. பதில் வர வழியில்லை. கேட்டதோ இல்லையோ, அவள் விடவில்லை. தொண்டை கிழிந்து வெறும் காற்று வரும்வரை அதையே கத்தினாள். சம்பந்தமே இல்லாத இரண்டு ஊர் ஜனங்கள் ஆடு மாடோடு மேற்கே ஏறிவிட்டார்கள். ஒரு கரடியும் வரிசை தவறாமல் பின்னால் போனது. லாரி அண்ணன் மட்டும் எழவில்லை.

கடைசியில் அவர் புரண்டு படுத்தார். அலைவரிசை திறந்தது.

"மேல வந்துட்டோம்க்கா," என்றது தம்பியின் குரல். "போதும், நிறுத்து. இதுக்கு அந்தக் குறட்டையே தேவலாம்."

அக்கா வாயைத் திறந்தாள். குரல் இல்லை. மைக்கின் பொத்தானை மட்டும் இரண்டு முறை தட்டினாள்.

அந்த மாடியில் துருப்பிடித்த நான்கு போல்ட்டுகள்தான் இருக்கின்றன. ஒலிபெருக்கியைப் பழுதுபார்க்கவென்று கழற்றிக்கொண்டு போனது அந்தத் தீக்கு முந்தைய கோடையில்.