ரொட்டி மேல் வைத்த எல்லைக்கல்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபது, பிப்ரவரி மாதம். ஆந்திராவுக்கும் சென்னை ராஜ்யத்துக்கும் நடுவே எல்லைக்கல் நட்டுக்கொண்டிருந்த நேரம். சித்தூர் பயணியர் பங்களாவில் நான் கிளார்க். கோவர்த்தனன் சமையல்காரர், ஆறு வருஷமாகத் தற்காலிகம். அவர் மனைவி செங்கம்மா. பங்களாவுக்குப் பின்னால் இருந்த ஒற்றை அறைதான் அவர்கள் வீடு. கடப்பையிலிருந்து வேறொரு சமையல்காரரை அனுப்பப்போவதாகக் காகிதம் வந்திருந்தது. பெரிய அதிகாரி யாராவது பங்களா புத்தகத்தில் நல்ல வார்த்தை எழுதினால் கோவர்த்தனன் நிரந்தரம். எழுதாவிட்டால் அறையைக் காலி செய்ய வேண்டும்.

அப்படி இருக்கையில் சர்வே அதிகாரி நாகபூஷணத்திடமிருந்து கடிதம் வந்தது. திருப்பதியிலிருந்து வியாழக்கிழமை வருகிறார், ஏழரை மணிக்குச் சாப்பாடு. யுத்த காலத்தில் பட்டாளத்தோடு இத்தாலியில் இருந்தவராம். அங்கே சாப்பிட்ட காய்கறி சூப்பும், அழுத்திச் சுட்ட சாண்ட்விச்சும் வேண்டும் என்று செய்முறையோடு எழுதியிருந்தார். நான் வரிவரியாகத் தமிழில் படித்தேன்.

"காரம் கூடாது. புளி கூடாது."

"யாருக்கு சார் ஒடம்பு சரியில்ல?" என்றாள் செங்கம்மா.

"கம்முனு இருடி. சார், நீங்க படிங்க" என்றார் கோவர்த்தனன்.

"ரொட்டி இரண்டு துண்டு, நடுவில் சீஸ், தக்காளி. சூடான கல்லில் வைத்து, மேலே கனமான பொருளால் அழுத்த வேண்டும். சீஸ் உருகி ஓரம் ஒட்டிக்கொள்ள வேண்டும்."

திருப்பதி பஸ்ஸில் கேரட்டும் பீன்ஸும் ரொட்டியும் வந்தன. சீஸ் டப்பா வேலூரிலிருந்து வந்தது. சூப்பில் போடச் சொன்ன மக்ரோனி எங்கேயும் இல்லை. செங்கம்மா அரிசி மாவைப் பிசைந்து விரல் நுனி அளவுக்கு உருட்டிப் போட்டாள். சூப் கொதித்தது. வாசனைகூட நன்றாகத்தான் இருந்தது.

தகராறு அழுத்துவதில் வந்தது. அம்மிக் குழவியை வைத்தால் உருண்டு ஓடியது. சொம்பில் தண்ணீர் நிரப்பி வைத்தால் கனம் போதவில்லை. மணி ஏழு. கோவர்த்தனனின் கண் வாசலுக்குப் போனது. பிச்சாட்டூர்ப் பக்கம் நடுவதற்காக லாரியில் வந்த நாலு கல் அங்கே கிடந்தன. ஒன்று சின்னது, ஒரு பக்கம் பலகைபோல மட்டம்.

கல்லுக்குக் காவல் அப்பாவு. கல் நடுகிற ஆளும் அவர்தான். லாரியிலிருந்து இறக்கியதுமே ஒவ்வொன்றுக்கும் மஞ்சள் பூசிப் பொட்டு வைத்திருந்தார்.

"அதத் தொடாத அண்ணே. பொட்டு வெச்ச கல்லு. மண்ணுலதான் நிக்கணும், அடுப்புல நிக்கக்கூடாது."

"பத்து நிமிஷம்டா! உன் கல்ல நான் துன்னுட மாட்டேன்."

"அது சாமி மாதிரி."

"என் வூடு போய்க்கினு இருக்குது, சாமி பாத்துக்கினுதானே இருக்குது?"

அப்பாவு கொஞ்சம் இளகினார். கல்லிடம் மன்னிப்புக் கேட்டுச் சூடம் ஏற்றினால் எடுத்துக்கொள்ளலாம் என்றார். பொட்டு கலையாமல் கல்லைக் கழுவினோம். சூடம் நிற்க மட்டமான பக்கம் ஒன்றுதான் இருந்தது. அங்கேயே ஏற்றினார், முணுமுணுத்தார், கன்னத்தில் போட்டுக்கொண்டார். அவசரத்தில் ஈரத்துணியால் ஒரு துடைப்புத் துடைத்து, அந்தப் பக்கத்தையே ரொட்டி மேல் கவிழ்த்தோம். இரண்டு பேர் தூக்கும் கனம். அடுப்பு தாங்காது என்று செங்கல் மேல் தோசைக்கல்லை வைத்துக் கீழே கரி போட்டிருந்தோம்.

"வுட்டுடாத! வுட்டா அப்பளம்!" என்று செங்கம்மா கத்தினாள். முதல் சாண்ட்விச் அப்பளமே ஆனது. அடுத்த நாலும் சரியாக வந்தன. பொன்னிறம், ஓரத்தில் உருகிய சீஸ்.

நாகபூஷணம் சூப்பில் கரண்டி விட்டார். மாவு உருண்டை ஒன்றைத் தூக்கிப் பார்த்தார்.

"இதேமி, மக்ரோனியா?"

"எங்க ஊரு மக்ரோனி, தொர" என்றார் கோவர்த்தனன்.

குடித்து முடித்து, இன்னொரு கிண்ணம் கேட்டார். கோவர்த்தனனுக்கு உயிர் வந்தது. பிறகு சாண்ட்விச்சைக் கடித்தார். மெல்லுவதை நிறுத்தினார். முகர்ந்தார்.

"இதில் ஏன் கோயில் வாசனை வருகிறது?"

நான் ஜன்னலைப் பார்த்தேன்.

"எதால் அழுத்தினாய்?"

பொய் சொல்ல நேரம் இருந்தது. குழவி என்றால் முடிந்துபோகும். கோவர்த்தனன் வேட்டியைப் பிடித்துக்கொண்டு, "உங்க எல்லைக்கல்லால, தொர" என்றார். கதவுக்குப் பின்னால் செங்கம்மா தலையில் அடித்துக்கொள்ளும் சத்தம் கேட்டது.

அதிகாரி எழுந்து சமையலறைக்கு வந்தார். சர்க்கார் கல் கரி மேல் சாய்ந்து கிடந்தது. ஒரு பக்கம் பொட்டு, மறு பக்கம் கருகிய சீஸ்.

"யார் அனுமதி கொடுத்தது?"

"கல்லுதான் சாமி" என்றார் அப்பாவு. "சூடம் ஏத்திக் கேட்டுக்கினுதான் எடுத்தோம்."

"என்னவென்று கேட்டாய்?"

"ரெண்டு ராஜ்ஜியத்துக்கு நடுவுல நிக்கப் போற கல்லு நீ. அதுக்கு முன்னால கொஞ்ச நேரம் ரெண்டு ரொட்டி மேல நில்லு, கோச்சுக்காதன்னு கேட்டேன்."

நாகபூஷணம் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கண்ணைத் துடைத்தார், மறுபடி சிரித்தார். இரண்டு வருஷமாக இந்த எல்லைக்காக எல்லோரும் தன்னிடம் சண்டைக்குத்தான் வந்தார்கள், கல்லிடம் ஒருத்தரும் கேட்கவில்லை என்றார். மேஜைக்குத் திரும்பி மிச்சம் மூன்று சாண்ட்விச்சையும் சாப்பிட்டுவிட்டுப் புத்தகம் கொண்டுவரச் சொன்னார். இங்கிலீஷில் எழுதிக் கையெழுத்துப் போட்டுப் படுக்கப் போனார்.

செங்கம்மா என் எதிரில் வந்து நின்றாள்.

"இன்னா சார் எழுதிக்கிறாரு? மறைக்காம சொல்லுங்க."

படித்தேன். "சூப் இத்தாலி சூப் அல்ல, ஆனால் நன்று. சாண்ட்விச் இத்தாலியை விட நன்று. சமையல்காரர் உண்மை பேசுகிறவர், நிரந்தரம் செய்க. கற்களைப் பூட்டி வைக்கவும்."

"அந்தக் கடப்பைக்காரன்?"

"வரமாட்டாரம்மா."

அவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். கோவர்த்தனன் சாம்பலும் தேங்காய் நாரும் எடுத்துக்கொண்டு கல்லைத் தேய்க்கப் போனார். பொட்டு கலையக்கூடாது என்று அப்பாவு பக்கத்திலேயே நின்று அதிகாரம் பண்ணினார்.

"இன்னொரு தபா படிங்க சார்" என்றாள் செங்கம்மா.