மெமரி பேக் மட்டும் போதும்

அம்மாவின் பழைய கைக்கணினியை மகள் இணையத்தில் விற்பனைக்குப் போட்டிருந்தாள். கண்காட்சிக்கு வேண்டும் என்று வந்தவர் அதைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. அதன் முதுகில் செருகியிருந்த தீப்பெட்டி அளவு மெமரி பேக்கிலேயே கண்ணாக இருந்தார்.

"மெஷினை நீங்களே வச்சுக்கோங்க. இது மட்டும் போதும்."

மகளுக்குப் பொறி தட்டியது. பழைய பொருளைக் காட்சிக்கு வைப்பவருக்கு மெஷின் வேண்டாமாம், உள்ளே இருப்பது மட்டும் வேண்டுமாம்! நாளைக்கு வரச் சொல்லி அனுப்பிவிட்டாள்.

"அந்தக் குப்பையைக் கொடுத்துத் தொலையேன்" என்றாள் அம்மா, மகள் முகத்தைப் பார்க்காமல். சாயத் தொழிற்சாலை ஒன்றில் கழிவுநீரைச் சோதித்து, அளவுகளை அந்தக் கைக்கணினியில் ஏற்றும் வேலை பார்த்தவள் அம்மா. உடைந்த குடையைக்கூடத் தூக்கிப் போடாதவள் இப்படிச் சொன்னதில் மகளின் சந்தேகம் அம்மா பக்கமும் திரும்பியது.

மெஷின் எப்போதோ செத்துவிட்டது. மகளுக்கோ மின்னணுத் தராசு கம்பெனியில் மைக்ரோகன்ட்ரோலர் சிப்புக்கு புரோகிராம் எழுதுவதுதான் பிழைப்பு. சாப்பாட்டு மேசையிலேயே பேக்கின் கால்களில் கம்பிகளை மாட்டி, அதைப் படிக்க ஒரு புரோகிராம் எழுத உட்கார்ந்தாள். முதலில் வந்ததெல்லாம் கன்னாபின்னா எழுத்துகள். சிப் பதில் சொல்லி முடிப்பதற்குள் புரோகிராம் அவசரப்பட்டுப் படித்துக்கொண்டிருந்தது. கொஞ்சம் காத்திருக்கச் சொன்னதும் தேதிகளும் எண்களும் வரிசையாக வந்தன.

எல்லா அளவுகளும் வரம்புக்குள்தான் இருந்தன. தொழிற்சாலையை ஒட்டிய ஆற்றில் மீன்கள் செத்து மிதந்த கோடையில் மட்டும் அங்கங்கே தேதிகள் விட்டுப்போயிருந்தன.

அப்போதுதான் உறைத்தது. இந்த வகை பேக்கில் அழித்தால் எதுவும் அழியாது. பதிவின் தலையில் ஒரு பிட் மாறி, 'இதைக் காட்டாதே' என்று குறி விழும், அவ்வளவுதான். குறி விழுந்தவற்றைத் தாண்டிப் போகும்படி அவளே எழுதியிருந்தாள். அந்த வரியை எடுத்தாள். காணாமல் போன நாள்கள் கொட்டின. ஒவ்வொன்றிலும் விஷம் வரம்பைத் தாண்டி எங்கோ நின்றது.

"நீயாம்மா அழிச்ச?"

"மேனேஜர் பக்கத்துல நின்னு அழிக்க வச்சார்."

"நீயும் அழிச்சுட்டியா?"

"அதுல அழிச்சா போகாதுன்னு எனக்குத் தெரியும்டி. அவருக்குத் தெரியாது. வேற பேக்கை மாட்டி வச்சுட்டு இதை எடுத்துட்டு வந்துட்டேன். அப்புறம் மெஷினைப் பழசுன்னு கழிச்சப்ப அதையும் கேட்டு வாங்கிட்டேன்."

"அப்புறம் ஏன் கொடுக்கச் சொன்ன?"

அம்மாவின் குரல் இறங்கியது. "இத்தனை வருஷம் யாரும் தேடி வரல. இப்ப கம்பெனி ஆளுங்க வீட்டு வாசல் வரைக்கும் வந்துட்டாங்க. வயசுப் பொண்ணை வச்சுக்கிட்டு எனக்குப் பயமா இருக்காதா?"

மறுநாள் அவர் வந்தபோது அம்மாவே கதவைத் திறந்தாள். பேக் இல்லை என்றதும் அவர் முகம் மாறியது.

"படிச்சுப் பாத்தீங்களா?"

"கண்காட்சிக்கு வைக்கிறவருக்கு அது எதுக்கு?"

அவர் விறுவிறுவென்று படியிறங்கினார். அந்நேரம் மகள் மாசுக் கட்டுப்பாட்டு அலுவலகத்தில் பேக்கை ஒப்படைத்துக்கொண்டிருந்தாள். மீன்கள் செத்ததற்காகப் போட்டு, ஆதாரமில்லை என்று மூடிய வழக்கை மறுபடி எடுத்தார்கள். அம்மா கூண்டேறிச் சாட்சி சொன்னாள். தொழிற்சாலைக்குப் பூட்டு விழுந்தது.

ஆனாலும், வாசலில் அறிமுகமில்லாத குரல் கேட்டால் இருவரும் உடனே கதவைத் திறப்பதில்லை.